ஷெரோனின் ஞானத்தாய்

புசல்லாவையில் எங்கள் பங்குக் கோயிலின் பதிவேடுகளை எழுதுகிறவன் நான். மேபலின் ஞானஸ்நானமும் கல்யாணமும், மகள் ஷெரோனின் ஞானஸ்நானமும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. புருஷன் விட்டுப் போனதும் மேபல் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். ஏழு வயது ஷெரோன் குண்டசாலையில் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தாள்.

இல்லத்துக்குச் செலவிடும் பணத்தைக் குடும்பத்துக்கே கொடுத்துப் பிள்ளைகளை வீட்டில் வளர்க்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது ஷெரோனுக்குப் பதின்மூன்று. மேபலும் திரும்பி வந்திருந்தாள். கூரையை மாற்றிக் கொடுத்தார்கள், தையல் மெஷின் கொடுத்தார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் சுதேஷ் மாதந்தோறும் வந்து பார்த்தார். ஆறு மாதம் கழித்து, பிள்ளை வீட்டிலேயே இருப்பதா என்று நீதிமன்றம் முடிவு சொல்லும்.

பிள்ளை வந்தாள். கூடவே இல்லத்து மேட்ரன் பரிமளமும் வந்துவிட்டது போலிருந்தது. மேட்ரன் பருப்புக்குக் கடுகு போடமாட்டார். மேட்ரன் பின்னினால் சடை பொழுதுபட்டாலும் அவிழாது என்பாள் ஷெரோன். அந்தப் பேச்சு வந்தாலே மேபல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

ஆயர் வந்து பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலுக்குப் பெயர் கொடுக்க இருவரும் என்னிடம் வந்தார்கள். பிள்ளையோடு நிற்க ஒரு ஞானத்தாய் வேண்டும்.

"ஞானத்தாய்னு என் பேரையே எழுதுங்க ஐயா."

"பெத்தவங்க நிக்க முடியாது மேபல். கோயில் சட்டம்."

"மேட்ரன் பேரை எழுதுங்க தாத்தா," என்றாள் ஷெரோன்.

"அவங்க வேணாம். வேற யாரையாவது சொல்லு."

"அப்ப எனக்கு ஒண்ணுமே வேணாம். சுதேஷ் சேர் வந்தா இல்லத்துக்கே போறேன்னு சொல்லுவேன்."

அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

ஞானத்தாயாக நிற்கப்போகிறவரைத் தாய் நேரில் போய்க் கேட்பதுதான் எங்கள் வழக்கம். ஷெரோன் பிடிவாதத்தை விடாததால், சனிக்கிழமை மேபல் ஒரு கேக்குடன் குண்டசாலை இல்லத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். பாதிக் கட்டில்கள் காலி. பரிமளம் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாராம்.

"பிள்ளையைக் கொண்டு போயிட்டு, இப்ப கேக் கொண்டு வர்றீங்களா?"

"அது ஒங்க பிள்ளை இல்ல அக்கா."

"ஆறு வருஷம் காய்ச்சல் வந்தப்ப எல்லாம் யாரு பிள்ளை?"

தன்னைப் போலவே அவரும் உள்ளுக்குள் எரிகிறார் என்று அப்போதுதான் மேபலுக்குத் தெரிந்தது. தெரிந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்ததாம்.

"வந்து நில்லுங்க. அவ ஒங்களத்தான் கேக்குறா," என்றாள்.

உறுதிப்பூசுதல் அன்று ஷெரோன் அணிந்திருந்தது மேபல் தைத்த வெள்ளைக் கவுன். அதன் வலது தோளில், ஞானத்தாய் வைக்கவேண்டிய முறைப்படி, பரிமளத்தின் கை. முன் வாங்கில் இருந்த மேபல் ஆயரைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே படம் எடுக்கும்போதும் கை அங்கேயே இருந்தது.

"தோள் கொஞ்சம் இறுக்கமா தைச்சிருக்கீங்க," என்றார் பரிமளம்.

"நீங்க கைய எடுத்தா சரியாயிடும்."

ஷெரோன் சிரித்துவிட்டாள். "பசிக்குது மம்மி. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வீடு என்ற அந்தச் சொல் பரிமளத்தின் காதில் விழுந்ததா என்று மேபல் திரும்பிப் பார்த்தாள். விழுந்திருந்தது.