யோகநாதன் அண்ணன் எண்ணிய குருவிகள்

செவ்வாய்க்கிழமை காலை பரமட்டா பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது யோகநாதன் அண்ணனின் மனைவி பவளம் அக்காவின் அழைப்பு வந்தது. "முரளி, இவர் விடியக்காலமை போயிட்டார்" என்றார். அழவில்லை. நான்கு மாதங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அடுத்த ஆறாவது நிமிடம் நான் பிளாக்டவுனுக்கு பஸ் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். வழியில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று ஒன்றும் நினைவில்லை.

யோகநாதன் அண்ணனை உங்களில் பலர் என்னைப் போல ஒரு பஸ் டிரைவராக அறிவீர்கள். சிலர் மேய்ஸ் ஹில் கோயிலில் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைப்பவராகப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவர் எங்கே போனார் என்பது உடன் போன எனக்கும் பவளம் அக்காவுக்கும்தான் தெரியும்.

வின்ட்சருக்கு அப்பால் மார்கரெட் என்ற மூதாட்டியின் பண்ணை இருந்தது. பூசணிக்காய் வாங்கப் போன அண்ணன், வேலியோர முட்புதரில் சின்னக் குருவிகளைக் கண்டார். வெள்ளை முகம், நெஞ்சில் இரண்டு கறுப்புக் கோடுகள், கட்டைவிரல் அளவு உடம்பு. மழை பொய்த்த வருடம் அது. புல் விதை விடும் முன்பே காய்ந்துவிட்டிருந்தது. பறவைகளைக் கணக்கெடுக்கும் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னபடி குளிர்காலத்தில் மட்டும் தட்டுகளில் தினை வைக்கத் தொடங்கினார். வாரம் ஒருமுறை காரில் அசையாமல் இருபது நிமிடம் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத் தாளில் எழுதி அனுப்புவார்.

"இதுகள் எங்கட வளர்ப்புக் குருவியள் இல்லை" என்பார். "பசிக்குத்தான் போடுறம், பழக்கத்துக்கு இல்லை."

இரண்டாவது குளிர்காலத்தில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தினையை மாற்றித் தட்டுகளைக் கழுவுவது புதன்கிழமைகளில் என் பொறுப்பு. அந்த வாரம் விடாத மழை. ஒருநாள் தள்ளினால் என்ன என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை. சனிக்கிழமை நாங்கள் போனபோது தட்டில் தினை ஊறிப் புளித்துக் கிடந்தது. கீழே பதினொரு குருவிகள் செத்துக் கிடந்தன. இன்னொன்று இறகுகளை உப்பிக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருந்தது. அண்ணன் கையில் எடுத்தும் அது பறக்கவில்லை. அவர் உள்ளங்கையிலேயே தலை சாய்ந்தது.

"குளிர்ல செத்துச்சுன்னு எழுதிடலாம் அண்ணே" என்றேன்.

 அவர் காரில் போய் உட்கார்ந்து எழுதினார்: பன்னிரண்டு இறந்தன, தட்டு கழுவப்படவில்லை, தவறு எங்களுடையது. 'எங்களுடையது' என்றுதான் எழுதினார். என் பெயர் அதில் இல்லை.

திரும்பும் வழியில்தான் பேசினார். "ஊரில சண்டைக் காலத்தில அரசாங்கக்காரங்கள் எங்கட சனத்தைக் குறைச்சுத்தான் எண்ணினவங்கள், முரளி. எண்ணினது குறைவெண்டா வாற சாப்பாடும் குறைவுதானே. என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை அந்தக் கணக்குக்கு வெளியில நிண்டது." அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. 

அடுத்த புதன்கிழமை நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிரஷை என் பக்கம் நீட்டினார்.

போன வருடக் கடைசியில் மார்கரெட் முதியோர் இல்லத்துக்குப் போனார். நிலம் விற்கப்பட்டது. இந்தக் குளிர்காலம் தொடங்கும் முன்பே அண்ணனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போனேன். இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை போனபோது முட்புதர் இல்லை. இயந்திரம் வைத்து வழித்திருந்தார்கள். சிவந்த மண்ணில் வீட்டு மனைகளுக்கான அளவுக் கட்டைகள் நடப்பட்டிருந்தன. இருபது நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு இன்னும் இருபது நிமிடம். தாளில் பூச்சியம் என்று எழுதினேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன.

"எத்தினை?" என்று கேட்டார்.

"ஏழு அண்ணே" என்றேன்.

"ஏழோ?" கண்ணை மூடி யோசித்தார். "சோடியாத்தான் வாறதுகள். ஒண்டு முட்பத்தைக்குள்ள நிண்டிருக்கும். அதுக்காக எட்டெண்டு எழுதிப்போடாதையும். கண்டதை எழுதும்."

"சரி அண்ணே."

பவளம் அக்கா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அண்ணனுக்கும் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் குருவிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. பத்து நாளில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் அவருடைய நேர்மையைப் பற்றிப் பலர் பேசினீர்கள். நானும் எழுந்து இரண்டு வார்த்தை சொன்னேன், இதைச் சொல்லவில்லை. குழுவுக்கு அனுப்பிய தாளில் பூச்சியம் இருக்கிறது. அவரோடு நான் சொன்ன ஏழு போனது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, புதருக்குள் நிற்பதாக அவர் நம்பிச் சேர்த்துக்கொண்ட அந்த எட்டாவது குருவி.