காற்று சாப்பிடப் போகிறோம்

எங்கள் கல்கத்தா தமிழ் மன்றத்துத் தலைவர் என் மனைவியின் வாயை அடைத்துவிட்டார். கையால் அல்ல, மைக்கால். சித்திரை விழாவில், கூடம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், சிரித்துக்கொண்டே செய்தார். செய்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மன்றத்தின் ஆண்டு மலரில் இதைப் போட மாட்டார்கள். அதனால் மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மெட்ராஸ் பத்திரிகைகள் எல்லாம் லேக் மார்க்கெட் கடைகளில் தொங்குகின்றன. தலைவர் கண்ணிலும் படும். நான் எழுதிப் பழகியவன் இல்லை. கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா. வந்த மூட்டை வந்தது, வராத மூட்டை வரவில்லை என்று எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த நடை. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்கத்தாவில் ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் தமிழர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். "எப்ப ஊருக்கு?" என்பதுதான் பேச்சு. கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், சாவு வீட்டு வாசலில்கூட. நான் வந்த புதிதில் இதைப் பாசம் என்று நினைத்தேன். இது பாசம் இல்லை, ஆஜர் எடுப்பது. போகாதவன் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு லீவு கிடைப்பது மே மாதத்தில் மட்டும்தான். துர்கா பூஜா சமயத்தில் என் ஆபீசில் உள்ள வங்காளிகள் எல்லோரும் குடும்பத்தோடு மலைக்கும் கடலுக்கும் போய்விடுவார்கள். "உங்களுக்குத்தான் பூஜா கிடையாதே" என்று சொல்லி ஆபீஸ் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பதிலுக்கு, நாய்கூட நிழலை விட்டு நகராத மே மாதத்தை எனக்குத் தாராளமாகத் தருவார்கள். அந்த மே மாதத்தில்தான் நானும் சாரதாவும் கோவில்பட்டிக்குப் போவோம். நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாரும் விசாரித்துக் கடிதம் போட வேண்டாம்.

கோவில்பட்டி என் ஊர். சாரதாவின் ஊர் அல்ல. அவளுடைய தாத்தா வெள்ளைக்காரன் கம்பெனி ஒன்றில் வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். அப்பா இங்கே பிறந்தவர். அவளும் இங்கேதான் பிறந்தாள், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். வங்காளிப் பெண்களோடு பள்ளிக்கூடம் போனாள். வங்காளியில் கணக்குப் போடுவாள், வங்காளியில் கோபப்படுவாள். தமிழ் அவளுக்கு வீட்டு மொழி. வீட்டுக்குள் நன்றாகத்தான் ஓடும். வெளியே வந்தால் சில வார்த்தைகள் வங்காளிச் சேலை கட்டிக்கொண்டு வரும். வங்காளிகளுக்குத் தண்ணீரும் சாப்பாடுதான், சிகரெட்டும் சாப்பாடுதான், எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். கல்யாணமான வருஷம் கோவில்பட்டியில் வைத்து, தம்பி எங்கே என்று என் அக்கா கேட்டதற்கு, "அத்தான் வெளிய சிகரெட் சாப்பிடறாங்க மதினி" என்றாள். அக்கா அடுக்களையில் இருந்து கத்தினாள்: "ஏளா, தம்பி சிகரெட்டைச் சாப்பிடுதானாம்! தொட்டுக்கிடச் சட்னி அரைக்கவா?" தெருவே சிரித்தது. இன்றைக்கும் நாங்கள் போய் இறங்கினால் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் சட்னி. அவளும் சிரிப்பாள். ஒவ்வொரு மே மாதமும் முப்பது நாள் சிரித்துவிட்டு வருவாள்.

இந்த வருஷம் ஆபீசில் ரயில் சலுகை கொஞ்சம் மாறி வந்தது. சில வருஷத்துக்கு ஒரு தடவை, சொந்த ஊருக்குப் பதில் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே போகலாம் என்று கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் "ஜெய்சல்மேர்" என்றாள். அவளுடைய பள்ளிக்கூடத் தோழி குளிர்காலத்தில் போய்ப் போட்டோ எடுத்து வந்திருந்தாளாம். மஞ்சள் கோட்டை, ஒட்டகம், மணல்.

"மே மாசத்துல பாலைவனமா? மூளை இருக்கா உனக்கு?" என்றேன்.

"டார்ஜிலிங்ல இடமே கிடைக்காது. பூரி கடல் பார்த்தாச்சு. அங்க நமக்கு யாரையும் தெரியாது. உங்களுக்கும் புதுசு, எனக்கும் புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்து முழிக்கலாம்."

பதினோரு வருஷம் நான் பழகிய தெருவில் அவள் தனியாக முழித்திருக்கிறாள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. டிக்கெட் எடுத்தேன். ஹௌராவில் இருந்து டில்லி, டில்லியில் இருந்து ஜோத்பூர், அங்கிருந்து ஒரு ராத்திரி வண்டி. டல்ஹௌசி ரிசர்வேஷன் கவுன்டரில் இருந்தவர் மாதத்தை மறுபடி ஒரு தடவை கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் பெயரைப் பார்த்து, "ஓ, மத்ராஜி!" என்றார். ஆபீசிலும் அதேதான். "ஆப்னாதேர் ஆபார் கொரோம்!" என்றார் தலைமைக் குமாஸ்தா. உங்களுக்கு ஏது உஷ்ணம் என்று அர்த்தம். எங்கள் தோல் வேறு தொழிற்சாலையில் செய்தது என்று அவர் நினைப்பு. ஜெய்சல்மேர் அரசாங்க டூரிஸ்ட் பங்களாவுக்கு இடம் கேட்டு எழுதினேன். எல்லா அறைகளும் காலி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அடியில் மானேஜர் கையால் ஒரு வரி: தாங்கள் அரசாங்க வேலையாக வருகிறீர்களா?

சாரதா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பாலைவனத்தில் ராத்திரி குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தாளாம். எனக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு மங்கி குல்லா. கொஞ்சம் காற்றடித்தாலே வங்காளிகள் தலையை மூடிக்கொள்ளும் அதே குல்லா. மே மாதத்தில், ராஜஸ்தானத்துக்கு. ஆபீஸ் வாசல் பீகாரி காவல்காரர், அனல்காற்று படாமல் இருக்கச் சட்டைப் பையில் ஒரு பச்சை வெங்காயம் வைத்துக்கொள்ளச் சொன்னார். தலையில் குல்லா, பையில் வெங்காயம். இந்தக் கோலத்தில் என்னை அக்கா பார்த்தால் சட்னி என்ற பெயர் எனக்கு மாறிவிடும். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாரதா பாத்திரம் கழுவும்போது பாட ஆரம்பித்திருந்தாள்.

டாலிகஞ்சில் எங்கள் மாடியில் குடியிருக்கிற வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். அவர் என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்பார். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்துப் பரிசாலில் இருந்து அகதியாக வந்தவர். அவர் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது சாரதா இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவர் சாரதாவைக் கேட்பார், "தேஷே ஜாச்சோ கபே?" உன் தேசத்துக்கு எப்போது போகிறாய் என்று. தமிழர்களின் "எப்ப ஊருக்கு" வங்காளி வேஷத்தில். பௌதியின் தேஷ் இன்றைக்கு வேறு நாடு. பாஸ்போர்ட் இல்லாமல் போக முடியாது. போக முடியாத ஊரைத் தன் ஊர் என்கிறவர், பிறந்து வளர்ந்த ஊரைச் சாரதாவின் ஊர் இல்லை என்கிறார். நல்லவர். அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்தத் தடவை சாரதா தேஷ் இல்லை, பாலைவனம் என்றதும் பௌதியின் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்து வங்காளிகள் நெஞ்சு நோய் வந்தவர்களை மேற்கே, ஈரமில்லாத ஊர்களுக்குக் காற்று மாற்ற அனுப்புவார்களாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாதாவுக்கு இருமல் எத்தனை நாளாக?" என்று வங்காளியில் மெதுவாகக் கேட்டார். எனக்கு இருமல் இல்லை என்று சாரதா சொன்னாள். சொல்லச் சொல்ல அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அதுவரை பித்தளைக் கிண்ணத்தில் வந்துகொண்டிருந்த பாயேஷ் என்கிற வங்காளிப் பாயசம், அன்றில் இருந்து மண் குடுவையில் வந்தது. திருப்பித் தர வேண்டாமாம்.

இனி விழாவுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. டிபன் வரிசையில் தலைவரின் மனைவி கேட்டார், "ஏம்மா சாரதா, எப்ப ஊருக்கு?"

"இந்தத் தடவை ஊருக்கு இல்லை மாமி. ஜெய்சல்மேர் போறோம். சும்மா காத்து சாப்பிட."

வங்காளிகள் "ஹாவா கேதே" போவார்கள். காற்றையும் அவர்கள் சாப்பிடத்தான் செய்வார்கள். பக்கத்தில் வடை எடுத்துக்கொண்டிருந்த தலைவர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மேடை ஏறினார்.

"அன்பர்களே! நம் சகோதரி ஒருவர் இந்தக் கோடையில் காற்று சாப்பிடப் போகிறாராம்! அதுவும் பாலைவனத்தில்! அங்கே வேறு என்ன கிடைக்கும், பாவம்!" சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரை மறந்தால் நாக்கும் மறந்துபோகும், அன்பர்களே. மனைவிமார்களை ஊருக்கு அழைத்துப் போகாத கணவன்மார்கள் கவனிக்க வேண்டும்" என்றார். கை தட்டினார்கள். எல்லோர் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சாரதாதான். கோவில்பட்டியில் பழகிய சிரிப்பு.

அந்த மைக் எப்படி வந்தது என்று தலைவருக்குத் தெரியும். மன்றத்தில் யாருக்கும் பேரம் பேசுகிற அளவுக்கு வங்காளி வராது. கூடம் பிடிப்பது, நாற்காலி, பந்தல், மைக் செட் எல்லாவற்றுக்கும் சாரதாவைத்தான் அனுப்புகிறார்கள். அவள் அந்த மைக் செட்காரனைத் தாதா தாதா என்று கூப்பிட்டுப் பேசிக் கொண்டுவந்தாள். அப்போது அவள் நாக்கு மன்றத்துக்குத் தேவைப்பட்டது. தலைவருக்கு அலிப்பூரில் வீடு. போன கோடையில் குடும்பத்தோடு காஷ்மீர் போனார். அவர் பையன் "ஹலோ அங்கிள்" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. காஷ்மீர் போனால் நாக்கு மறக்காது போலிருக்கிறது. குளிரில் கெடாமல் இருக்கும்.

மெட்ரோ ரயிலுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். விழா முடிந்து, பஸ் கிடைக்காமல் வெயிலில் வீட்டுக்கு நடந்தோம்.

"காத்து சாப்பிடன்னு சொல்லக் கூடாதா?" என்றாள்.

"சொல்றதில்லை."

"பின்ன எப்படிச் சொல்லணும்?"

"காத்து வாங்க."

நின்றுவிட்டாள். "வாங்கவா? யார்கிட்ட?"

தமிழ் வாத்தியார்கள் யாராவது சொல்லட்டும். நாம் காற்றை வாங்குகிறோம், வங்காளிகள் சாப்பிடுகிறார்கள். வாங்கினதைச் சாப்பிடுவதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவளுக்கு வேடிக்கை தீர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் போய், "டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. கோவில்பட்டிக்கே போவோம். மதினிகிட்ட இருந்து பேசக் கத்துக்கறேன்" என்றாள்.

அன்றில் இருந்து வீட்டில் பாட்டு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசி முடித்துவிட்டு, "சரியா?" என்று என்னைக் கேட்டாள். குழம்பு கொதிக்கிறது, சரியா? லேக் மார்க்கெட்டில் அப்பளக்காரர் நம்ம ஊர்க்காரர், அவளைச் சின்ன வயசில் இருந்து தெரியும். அவரிடம் வங்காளியில் விலை கேட்டிருக்கிறாள். "ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றாராம் அவர். நான் எவ்வளவோ சொன்னேன், கத்தினேன்கூட. கேட்கவில்லை. மங்கி குல்லாக்களை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

பயணத்தைக் காப்பாற்றியது நான் இல்லை, பௌதி. போகவில்லை என்று கேள்விப்பட்டு மாடியில் இருந்து இறங்கி வந்தார். புருஷன் நெஞ்சைப் பற்றிக் கவலை இல்லையா, நீ என்ன பெண்பிள்ளை என்று சாரதாவைப் பிடித்துக்கொண்டார். "ஜேதேய் ஹோபே!" போயே ஆக வேண்டும். சாரதா விளக்கப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கி ஒரு இருமல் வந்தது. பௌதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். சாரதா சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு. பௌதி அதை அழுகை என்று நினைத்து அவள் தலையைத் தடவினார். அன்று சாயங்காலம் குல்லாக்கள் பெட்டியை விட்டு வெளியே வந்தன. எனக்கு இல்லாத காசநோயால் நாங்கள் வருகிற வாரம் கிளம்புகிறோம்.

கிளம்புகிறோம், ஆனால் "சரியா?" இன்னும் நிற்கவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

தலைவரே, கோவில்பட்டியில் இருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும், ஹௌரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பாலம் கண்ணில் பட்டதும் சாரதா ஒரு வார்த்தை சொல்வாள்: "அப்பாடா, ஊர் வந்துட்டுது." பக்கத்தில் நான் ஊரை விட்டு வந்த முகத்தோடு நிற்பேன். ஒரே கூலியின் தலையில் எங்கள் இரண்டு பேர் பெட்டியும் இருக்கும். அவளுக்கு ஊர் வந்திருக்கும், எனக்குப் போயிருக்கும். இந்தத் தடவையும் அவள் அதைச் சொல்வாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து "சரியா?" என்று கேட்பாள். நான் என்ன சொல்ல வேண்டும்? ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவளை அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம். கடிதம் வேண்டாம். மேடை ஏறி, அவள் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி மைக்கில் சொல்லுங்கள்: சாரதாவுக்கு ஊர் எது?