படையல் சோறு

நேற்று தெப்ராவில், எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர் பிளாக்கில், உச்சி மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணி ஆடியது. பைக்கை நிறுத்திவிட்டேன். யாரோ பள்ளிச் சட்டையைக் காயப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனிலேயே என் குடும்பத்தை நலம் விசாரித்தார்.

அவருக்கு என்ன தெரியும்? கொரோனா ஊரடங்கில் வெள்ளைத் துணியைக் கண்டால் வண்டியை நிறுத்துவதுதான் என் வேலை. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டிய காலம். வாய்விட்டுக் கேட்க வேண்டாம், பார்த்தவர்கள் கொடுப்பார்கள். மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் அரிசி, பருப்பு, மீன் டின் எல்லாம் வாங்கித் தருவார். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட என்னை நம்பி ஒரு வேன் அரிசி! ஒரே நிபந்தனை: வாங்குகிறவர் முகம் தெரிய ஒரு படம், வாட்ஸ்அப் குழுவில் போட.

"ஏமாத்துறவன் நெறைய இருக்கான்டா. நெஜமா கஷ்டப்படுறவங்களுக்குப் போவணும்" என்பார் பாய்.

பாலோ பக்கம் ஓர் எஸ்டேட்டில், பழைய லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் துணி தெரிந்தது. வேனைத் திருப்பினேன். முதல் வீட்டு லெட்சுமி அக்கா ஓடி வந்து மறித்தார்.

"அலமாக், அங்க போவாத தம்பி! புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்க. ரெண்டும் போயிருச்சு. இப்ப வெளக்கு எரியுது, வெள்ளத் துணி தொங்குது. சாவுத் துணி லா அது!"

"பேய்க்குக் கரண்ட் பில்லு யாருக்கா கட்டுறா?"

அக்கா சிரிக்கவில்லை. கடைசி வீட்டு வேலியோரம் கை காட்டினார். வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓர் அகல், புகையும் சாம்பிராணி.

"தெனம் சாயங்காலம் லயமே சேந்து படையல் போடுறோம். விடிஞ்சா எல வெறுசா கெடக்குது."

அந்தச் சாம்பிராணி வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வீரனைப் போல நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. இருட்டில் ஒரு கண்.

"கத்தாத தம்பி. உயிரோடதான் இருக்கேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது அந்த அம்மா மட்டும்தான். இறந்த புருஷனின் முகத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லையாம். ஆள் இல்லாத நேரத்தில் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பசி தாங்காமல் துணி கட்டினார். யாரும் வரவில்லை. வேலியோரம் சோறு மட்டும் வந்தது.

"நான் போய் அவங்ககிட்ட சொல்றேன் ஆன்ட்டி."

மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரல்கள் ஐஸ்.

"சொல்லாத. அவருக்கு வேல போனப்ப ஒவ்வொரு வாசலா நின்னேன். ஒரு பிடி அரிசி தரல. செத்த பெறகுதான் சோறு போடுறாங்க. உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா நின்னுரும். நீ இன்னிக்கு வந்த, நாளைக்கும் வருவியா?"



அரிசியைப் பின்கட்டு வழியாக வைத்தேன். துணியை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். பாய் உடனே அழைத்தார்.

"ஆளு எங்கடா?"

"படத்துல விழ மாட்டாங்க பாய்."

பிறகு மெதுவாக, "மீன் டின்னு கூட ரெண்டு வையி" என்றார்.

அப்புறமும் சில தடவை பின்பக்கம் வைத்துவிட்டு வந்தேன். ஒருநாள் துணி இல்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது, கொடியில் சேலைகளும் இல்லை. யாராவது சொந்தக்காரர் அழைத்துப் போயிருப்பார் என்றுதான் நம்புகிறேன். வேலியோரம் இலையில் சோறு அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்து.

"சாந்தியாயிருச்சு தம்பி," என்று லெட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்க போட்டது வீண் போவல."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று அந்த லயம் இல்லை, அந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. துணி கட்டும் வழக்கமும் போய்விட்டது. உச்சி மாடிச் சட்டையையும் காய்ந்ததும் எடுத்துவிட்டார்கள். எதிர் பிளாக் முழுக்க மூடிய ஜன்னல்கள். எந்த வீட்டில் இன்று உலை ஏறவில்லை என்று இனி எதைப் பார்த்து வண்டியை நிறுத்துவேன்?