இடுப்பில் கட்டிய பால்சுறா

சந்திரமதிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது 1959இல். பிள்ளை நல்ல எடை; அவளுக்குப் பால்தான் சுரக்கவில்லை. பஃபலோ ரோட்டு மாடியறையில் அது அழுதது தெருமுனை வரை கேட்டது. பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்றாள் பக்கத்து அறைப் பூவம்மா.

தேக்கா மார்க்கெட் கூப்பிடு தூரம். ஆனால் புருஷன் செல்லக்கண்ணு ஞாயிறுதோறும் கடலில் மூழ்கி ஈட்டியால் மீன் குத்துகிறவன். கடைச் சுறா அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"என் பிள்ளைக்குச் செத்த மீனா? நானே கொண்டாறேன்."

"நீங்க கொண்டாந்தாலும் அது செத்துத்தாங்க வரும்."

அவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குக் கட்டுகிறவன். உடன் வேலை பார்க்கும் அஸ்மத் சம்பான் படகை வலிக்க, விடிந்ததும் தெற்குத் தீவுகளுக்குப் போனார்கள். சுறா வந்தால் முதுகைக் காட்டக்கூடாது, ஓடினால் இரை என்று நினைத்துக்கொள்ளும் என்று அஸ்மத் வழக்கம்போலச் சொல்லி அனுப்பினான்.

நீருக்குள் இறங்கியதும் யாரோ கதவைச் சாத்தியதுபோல உலகத்து இரைச்சல் நின்றது. வெயில் பந்தல் துணி வழியே வடிவதுபோலப் பச்சையாக இறங்கியது. பாறைமேல் மீன்கூட்டம் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக மறைந்தது. கை கால் தன்னுடையவை என்ற நினைப்பே அவனுக்குப் போய்விட்டது.

மணலோரம் ஒரு பால்சுறா. குத்தினான். வாலில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கை தானாகப் போட்டது, கிரேனில் ஏற்றும் சரக்குக்குப் போடுகிற முடிச்சை. இழுக்க இழுக்க இறுகும்.

ரத்தம் ஊதுவத்திப் புகைபோல அவன் பின்னால் வந்தது. அதைத் தொடர்ந்து பெரிய சுறா ஒன்றும் வந்தது. அவசரமே இல்லாமல் அவனைச் சுற்றியது. அவனும் கூடவே திரும்பினான், ஈட்டியை நடுவில் நீட்டியபடி. பயம் வரவில்லை, தொட்டிலில் கிடப்பதுபோல இருந்தது. சுறா விலகியது, கீழே போனது, பக்கவாட்டில் வந்து பால்சுறாவைக் கவ்வியது.

கயிறு வயிற்றை வெட்டியது. பிள்ளையின் புட்டாயிற்றே என்று அவனும் இழுத்தான். முடிச்சு இன்னும் இறுகியது. இழுபடுவது மீனல்ல, தான் என்று அப்போதுதான் உறைத்தது. புட்டு போனால் போகட்டும், பிள்ளைக்கு அப்பன் வேண்டுமே. காலில் கட்டியிருந்த கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தான். சுறா தன் பங்கோடு இருட்டுக்குள் போயிற்று. இவன் அந்தத் திசையைப் பார்த்தபடியே பின்வாங்கிச் சம்பானைப் பிடித்தான்.

அறுந்த கயிற்றைப் பார்த்தான் அஸ்மத். "கடல்லயும் கூலி வேலையாண்ணே?"

கடை கட்டுகிற நேரத்தில் தேக்காவில் ஒரு பால்சுறா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சந்திரமதி மீனைப் புரட்டினாள். அவன் இடுப்பைச் சுற்றிச் சிவந்திருந்த தடத்தையும் பார்த்தாள்.

"எந்தக் கடல்லங்க ஐஸ் கெடக்கு?"

"தேக்காக் கடல்ல."

பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். பாலும் வந்தது. சுறாவால் என்றாள் பூவம்மா. புட்டைத் தின்றுகொண்டே பிள்ளையை மாரைவிட்டு இறக்காமல் வைத்திருந்தாள் சந்திரமதி. பால் வரும் வழி அதுதான்.

செல்லக்கண்ணு கடலை விடவில்லை. குத்திய மீனை மட்டும் உடனே சம்பானில் போட்டுவிடுவான். அடுத்தடுத்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பால்சுறா தேக்காவிலிருந்துதான் வந்தது.