தகரக் கொட்டிலும் மலைநாட்டுப் பசுவும்

மாட்டு வைத்தியத்தில் நோயாளி வாய் திறக்காது, அதற்கும் சேர்த்து வளர்க்கிறவர் பேசிவிடுவார். உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடித் தேய்ந்த என் சக உத்தியோகத்தர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு மணிக் காய்ச்சல்

சுனாமியில் கடல் அடித்த அடுத்த வருசம். செட்டிபாளையத்தில், வளவில் ஒரு மரமும் மிஞ்சாத பாக்கியம் அக்காவுக்கு ஓர் உதவி நிறுவனம் குளிரில் வளர்ந்த மலைநாட்டுப் பசு ஒன்றையும் பளபளக்கும் தகரக் கொட்டிலையும் கொடுத்தது. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு அந்தப் பாலில்தான். பசுவோ நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது. நாலு போத்தல் பால் ஒன்றாகிவிட்டது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சூடு பார்த்தேன், காய்ச்சல். ஊசி போட்டேன். மறுநாளும் அதே இரண்டு மணி, அதே காய்ச்சல், இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் விடியப் போனால் காய்ச்சலைக் காணோம். பசு சாவகாசமாக அசைபோடுகிறது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது, இது நோயில்லை, வெக்கை. சொன்னதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப சேர், ரெண்டு நாளும் ஊசி போட்டது வெயிலுக்கா?"

கூட்டம்

வெட்கத்தை மறைக்க ஊருக்கே கூட்டம் வைத்தேன். மாட்டுக்கு நிழல் வேணும், காற்று வேணும், எந்நேரமும் தண்ணீர் வேணும், தீனியை விடியவும் பொழுதுபட்டும் போடுங்கள், தகரத்துக்கு மேல் தென்னோலை முடைந்த கிடுகு பரப்புங்கள் என்று ஒரு மணித்தியாலம் விளாசினேன். மண்டபத்துக்கும் தகரக் கூரைதான். முன்வரிசையில் இருந்த மீன்காரர் சால்வையால் விசிறிக்கொண்டே எழும்பினார்.

"சேர், எங்களுக்கும் நாக்கு வெளிய வந்திட்டு. மிச்சத்த வாவிக்கரையில வெச்சுச் சொல்லுங்களன்."

படம் எடுக்க வந்தவர்

கொட்டிலில் கட்டாத மாட்டைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுப்பது நிறுவனத்தின் சட்டம். இரண்டு கிழமை கழித்து அவர்களுடைய அதிகாரி கமராவோடு வந்தார். கூடவே நானும். கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, சோறு கொதிக்கிறது, மாட்டைக் காணோம். நான் வீட்டைச் சுற்றி ஓடிப் பார்த்தேன்.

தென்னையெல்லாம் போன ஊரில் கிடுகுக்கு எங்கே போவது? அக்காவிடம் இருந்த கிடுகெல்லாம் சமைக்கிற குசினியின் கூரையில். ஆகவே மனிசி அடுப்பைக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு, பசுவைக் குசினியில் கட்டியிருந்தார். பசு, முதுகில் ஊற்றிய தண்ணீர் காயாமல் சுகமாக நின்றது. பாலும் பழையபடி நாலு போத்தல். அதிகாரி முகத்தைச் சுளித்து, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்றார். அக்கா பசுவின் முதுகில் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினார்.

"மாட்டுக்கு இந்தச் சூடு தாங்க ஒண்ணா சேர். அடுப்புக்குப் பழக்கந்தானே."

அதிகாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பால் தேத்தண்ணி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். 'கொட்டில் தினமும் முழுப் பயன்பாட்டில் உள்ளது, பசு நலம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன், என் உத்தியோகத்தில் அவ்வளவு உண்மையான அறிக்கை வேறொன்றும் நான் எழுதியதில்லை.