பாங்கு முடிந்ததும் தொடங்கும் இடம்

மச்சாள் கைப்பட எழுதிய பாட்டுக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. மச்சாள் என் கணவரின் அக்கா. கொப்பியின் வரிகளுக்கு நடுவே, சில இடங்களில் ஒரு சொல்லின் பாதியில்கூட, பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறார். கல்முனையில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் இல்லாத எவருக்கும் அவை என்னவென்று விளங்காது.

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு பூசைக்குப் பாடிப் பழகுவோம். பாட்டின் நடுவே பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு எழும். உடனே நிறுத்திவிடுவோம். நிறுத்துங்கள் என்று யாரும் சொன்னதில்லை; எங்கள் ஊரில் அது அப்படித்தான். நிறுத்திய இடத்தில் மச்சாள் ஒரு புள்ளி வைப்பார். பாங்கு முடிந்ததும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் எங்கள் வண்டவாளம் வெளியாகும். காதெல்லாம் பாங்கு நிறைந்திருக்க, பழைய சுருதியை விட்டுவிட்டு அதன் சுருதிக்கே ஏறிவிடுவோம். சுருதி தர இருந்த கோவில் ஓகன் பெட்டி உப்புக்காற்றில் எப்போதோ செத்துப்போயிருந்தது. மச்சாள்தான் எங்களுக்கு ஓகன். பாங்கு ஒலிக்கும் நேரம் முழுவதும் உதட்டை மூடியபடி பழைய சுருதியைத் தொண்டைக்குள் பிடித்து வைத்திருப்பார். ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் தோளில் அந்த அதிர்வு தெரியும். பிறகு, "பள்ளிவாசலுக்குப் போன ஆக்கள் எல்லாம் திரும்பிக் கோயிலுக்கு வாங்க," என்று சிரித்தபடி அதை எங்களுக்குத் தருவார்.

போன தவக்காலத்தில் அவர் தரும் சுருதி இறங்கத் தொடங்கியது. குரலும் கரகரத்தது, உடம்பும் வற்றியது. ஒருசந்தி இருக்கிறார், ஒருவேளைச் சோற்றோடு பாடினால் தொண்டை காயாதா என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். பெரிய வெள்ளிப் பாட்டுக் கெட்டுவிடும் என்று குழு முணுமுணுத்தது. யார் போய்ச் சொல்வது என்றபோது எல்லாக் கண்களும் என்மேல் விழுந்தன. நானும் பெரிய மனுசி போலப் போனேன்.

"இந்த முறை கொஞ்சம் ஓய்வெடுங்களன், மச்சாள்."

"ஓம்கா, எனக்கும் தெரியும். தொண்டை இப்ப சொல்லுக் கேக்குதில்ல. நான் பாடல்ல. சுருதிய மட்டும் தந்துபோட்டுப் பேசாம இருக்கன்."

"அதுவும் வேணாம். புது ஓகன் வருதாம்."

"அப்ப நல்லம்," என்றார். "மறுகா நான் எதுக்கு?"

ஓகன் எதுவும் வரவில்லை. அது நான் அந்த நிமிடத்தில் சொன்ன பொய். பெரிய வெள்ளியன்று அவர் கடைசி வரிசையில் இருந்தார். நாங்கள் ஆளுக்கொரு சுருதியில் கத்தினோம். திரும்பிப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது, கை தொண்டையில் இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் எங்களுக்காக அதைப் பிடித்து வைத்திருந்தார். வழிபாடு முடிந்து வெளியே வந்ததும், "ஓகன் பிந்திப்போச்சு போல," என்றார்.

கடைசியில் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனபோது டொக்டர் அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "குரல் மாறினவுடன கூட்டி வந்திருக்கலாமே," என்றார். கட்டி முற்றியிருந்தது. ஒரு நூல் சுருதி விலகினாலும் முகம் சுளிக்கிற ஆட்கள் நாங்கள். அந்தக் குரல் மாறியதை எல்லோரும் கேட்டோம். பாட்டுக்கு உதவாது என்று அவரை விலக்கத்தான் அது எங்களுக்குப் பயன்பட்டது. மாரி தொடங்குமுன் அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். ஆண்டவர் என்னை மன்னித்தாலும் மன்னிப்பார். எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

இப்போது மறுபடியும் தவக்காலம். நேற்று அதே பெரிய வெள்ளிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது பாங்கு எழுந்தது. நிறுத்தினோம். முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொப்பியில் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே போன வருடம் மச்சாள் வைத்த கடைசிப் புள்ளி இருந்தது. அதில் விரலை வைத்தேன். தோளை அவர் இருந்த பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். பிறகு வாயைத் திறந்தேன். வந்தது பாங்கின் சுருதிதான். எல்லோரும் என் பின்னால் அதிலேயே பாடினார்கள். பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லை.