சைபர் போட்ட மரம்

மர்ரே ஆற்றை என் மனைவி முதன்முதல் பார்த்தது தை மாதத்து வெயிலில்; இந்த நாட்டில் தை என்றால் கோடை. ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. கரையைத் தாண்டி உள்ளே போனால் யூகலிப்டஸ் மரங்கள் மொட்டையாக நின்றன.

"இவ்வளவு தண்ணி ஓடுது, மரம் ஏன் பட்டுப்போய் நிக்குது?" என்று கேட்டாள். காலையில் மெல்பேர்னில் புறப்பட்டு மூன்று மணித்தியாலம் காரில் வந்ததில் அவள் பேசிய முதல் முழு வசனம் அதுதான்.

வேலை பற்றிக் கேட்டால் எனக்கு வாய் திறக்கும். விளக்கினேன். மேலே அணை கட்டியிருக்கிறார்கள். மாரியிலும் வசந்தத்திலும் வருகிற வெள்ளத்தைப் பிடித்து வைத்துவிட்டு, கோடையில் பழத்தோட்டங்களுக்கும் மாட்டுப்பண்ணைகளுக்கும் திறந்துவிடுவார்கள். அதனால் ஆறு கோடையில் நிரம்பும், வெள்ளம் வரவேண்டிய காலத்தில் இறங்கிக் கிடக்கும். கரையோடு ஒட்டிய மரங்கள் எப்படியோ தப்பிவிடும். உள்ளே நிற்பவைக்கு வெள்ளம் ஏறினால்தான் சீவியம். பல வருடமாக ஏறவில்லை. போன வசந்தத்தில்தான் மனம் வைத்து மதகைத் திறந்து காட்டுக்குள் தண்ணீர் விட்டார்கள். அதில் பிழைத்தது எது, செத்தது எது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

"நல்லாப் பிந்தித்தான் விட்டிருக்கினம்," என்றாள்.

நான் படகில் வந்தவன். கலியாணமாகி இரண்டாம் வருடம் அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தேன். தற்காலிக விசாவில் அவளைக் கூப்பிட வழியில்லை. எனக்கு நிரந்தர விசா கிடைத்து, பிறகு அவளுக்கும் விசா கிடைத்து, விமான நிலையத்தில் அவளைக் கண்டபோது பதின்மூன்று வருடம் போய்விட்டது. கட்டிப்பிடித்து அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டிகளைக் காரில் ஏற்றினேன்.

மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் என் வீட்டில் ஒரு மாதமாக ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தோம். தொலைபேசியில் கேட்டதையே நேரிலும் கேட்டோம். "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." இந்தக் கலியாணத்தில் இனி உயிர் இருக்கிறதா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. பயத்தில் கேட்கவில்லை என்றால் பொய். பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் விறைத்துக் கிடந்தது.

அன்று என்னோடு மரம் பார்க்க வரவேண்டியவருக்குக் காய்ச்சல். மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "உன் மனைவிக்குக் கண் தெரியும்தானே? கூட்டிக்கொண்டு போ," என்றார் அந்த அம்மா. ஆள் இல்லாவிட்டால் அவருக்குத் தகுதி எல்லாம் இரண்டாம் பட்சம்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ஒரு மரத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும். வேறு வேறு பக்கம் நின்று, பேசாமல், மரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு இலை மிஞ்சியிருக்கிறது என்று கண்மட்டத்தில் கணித்துப் பென்சிலால் எழுத வேண்டும். பிறகுதான் தாள்களை ஒப்பிடலாம். பக்கத்தில் நின்றுகொண்டே பேசாமலிருப்பதற்கு எங்களைப் போலத் தேர்ந்த சோடி மேலாளருக்குக் கிடைத்திருக்காது.

மத்தியானம் தாண்டியும் எங்கள் எண்கள் கிட்டக்கிட்டவே வந்தன. அவளுக்கு நல்ல கண். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

கடைசி மரத்தை நான் ஐந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். வருடா வருடம் இலை குறைந்துகொண்டே வந்த மரம். கிட்டப் போகாமலே, இலையே இல்லை என்று சைபர் போட்டேன். அவள் மறுபக்கத்தில் நெடுநேரம் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"பட்ட மரத்தில என்னத்தைப் பாக்கிறீர்? வாரும்," என்று எரிந்து விழுந்தேன்.

வந்து தாளை நீட்டினாள். ஐந்து.

எண் ஒத்துவராவிட்டால் இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் விதி. அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன். முதற்கிளை பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, பட்டை வெடித்து, இரண்டு கைப்பிடி அளவு தளிர் விட்டிருந்தது.

"சைபர் போட்டால் என்ன செய்வினம்?"

"செத்ததெண்டு பட்டியலில இருந்து எடுத்துப்போடுவினம். பிறகு ஒருத்தரும் வந்து பாக்க மாட்டினம்."

அவள் தளிரை விட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசமாய் என்னையும் இப்பிடித்தான் பாக்கிறியள். கிட்ட வராமல்."

அவள் தன் பென்சிலைத் திருப்பி, றப்பர் இருந்த பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"அழியுங்கோ," என்றாள்.

அழித்தேன். அவள் பக்கத்தில் நின்றபடியே ஐந்து என்று எழுதினேன்.